எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்: இந்த ப்ராஜெக்ட் ஆகுமா?

மென்பொருள் உருவாக்க மாடல்கள் பற்றித் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு அட்டவணைதான் கிடைக்கும். ஒரு பக்கம் வாட்டர்ஃபால், அடுத்த பக்கம் அஜைல், நடுவில் ஸ்பைரல், வி-மாடல், ப்ரோட்டோடைப். ஒவ்வொன்றுக்கும் நேரே நன்மை, தீமை. இன்ஜினியரிங் படித்தவர்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். பரீட்சைக்கு அது போதும். நிஜமாகவே ஒரு ப்ராஜெக்ட் கையில் வந்து நிற்கும்போது அந்த அட்டவணையால் பெரிய உபயோகம் இல்லை.

ஏன்னா, "தேவைகள் தெளிவாக இருந்தால் வாட்டர்ஃபால்" என்று அதில் எழுதியிருக்கும். தேவைகள் தெளிவாக இருக்கின்றன என்பதை யார் தீர்மானிப்பது? ஆரம்பக் கூட்டத்தில் எல்லோருக்கும் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துத்தானே வண்டவாளம் தெரிய வருகிறது.

பாடப்புத்தகத்தில் சாத்தியக்கூறு ஆய்வு ஒரு அத்தியாயம், மாடல் தேர்வு இன்னொரு அத்தியாயம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். "இந்த வேலையில் நமக்கு எது தெரியாது? அது தெரியாததால் எவ்வளவு அடி விழும்?" இதற்குப் பதில் தேடுவதுதான் சாத்தியக்கூறு ஆய்வு. கிடைத்த பதிலை வைத்து வேலையை எந்த வரிசையில் செய்வது என்று முடிவு செய்வதுதான் மாடல். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நன்றாகப் பதிவாகியிருக்கும் ஒரு கதை இருக்கிறது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, 1992.

லண்டனில் நடந்தது

அன்றைய லண்டன் ஆம்புலன்ஸ் சேவை சுமார் 600 சதுர மைல் பரப்பைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள். எல்லாமே காகிதத்தில் நடந்தது. அழைப்பை எடுப்பவர் ஒரு படிவத்தில் எழுதுவார், வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடுவார், படிவத்தை ஒரு கன்வேயர் பெல்ட்டில் போடுவார். அந்தப் பக்கம் இருப்பவர் அதை எடுத்து எந்தப் பகுதி என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். பிறகு ரேடியோவில் வண்டிக்குச் சொல்வார்கள். மூன்று நிமிடத்துக்குள் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்பது விதி. இதைக் கணினிமயமாக்க நினைத்ததில் தப்பே இல்லை.

ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்து, 75 லட்சம் பவுண்டு செலவான பிறகு 1990 அக்டோபரில் அது கைவிடப்பட்டிருந்தது. உடனே அடுத்த முயற்சி தொடங்கியது, இந்த முறை இன்னும் பெரிதாக. எந்த ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்பதைக் கணினியே கண்டுபிடிக்கும், அருகிலிருப்பதைத் தானே தேர்ந்தெடுக்கும், தானே அனுப்பும். பெரும்பாலான அழைப்புகளில் மனிதர் தலையிடவே வேண்டாம். 1991 பிப்ரவரியில் டெண்டர் விளம்பரம் வந்தது. 1992 ஜனவரி 8-க்குள் முழுவதும் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு மாதம். விண்ணப்பித்த நிறுவனங்களில் பல, இந்தக் கால அவகாசம் போதாது என்று கேட்டன. தேதியில் பேச்சுக்கே இடமில்லை என்று பதில் வந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது அடுத்து வரும் விஷயம். சாத்தியக்கூறு பற்றி ஒரு அறிக்கை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் கொடுத்தது. தயாராக உள்ள பேக்கேஜ் ஒன்றை வாங்கி மாற்றி அமைத்தால் 15 லட்சம் பவுண்டும் 19 மாதமும் ஆகும், அப்படிப் பொருத்தமான பேக்கேஜ் கிடைக்காவிட்டால் இரண்டையும் கணிசமாக உயர்த்திக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அந்த அறிக்கையிலிருந்து 15 லட்சம் என்ற எண் மட்டும் பட்ஜெட்டாகத் தங்கிவிட்டது. 19 மாதமும் அந்த "காவிட்டால்" என்ற நிபந்தனையும் வழியிலேயே காணாமல் போய்விட்டன. பேக்கேஜ் வாங்கவில்லை, புதிதாக எழுத முடிவு செய்தார்கள். ஆனால் பணம் அதே பணம், காலமோ அதைவிடக் குறைவு.

ஒப்பந்தம் போன விலை சுமார் 9,37,000 பவுண்டு. அதில் அனுப்புதல் மென்பொருளுக்கான பங்கு வெறும் 35,000 பவுண்டு! மீதியெல்லாம் கருவிகள், மற்றவை. இதை எழுதிய நிறுவனத்துக்கு இந்த அளவு அவசரசேவைப் பணியில் முன் அனுபவம் கிடையாது. ஆனால் கொள்முதல் விதி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் குறைந்த விலைக்காரருக்கே கொடு என்றது. நம்மூர் டெண்டர்களில் "எல்-ஒன்" என்று சொல்கிறோமே, அதே சமாச்சாரம்தான்.

எழுதினார்கள். விண்டோஸ் 3.0-இல், அப்போது புத்தம் புதிதாக இருந்த விஷுவல் பேசிக்கில். ஜனவரி தேதி தாண்டியது. பகுதி பகுதியாகச் சிலவற்றை ஓடவிட்டுப் பார்த்தார்கள், பிரச்சினைகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் 1992 அக்டோபர் 26 திங்கட்கிழமை, முடிக்கப்படாத 81 பிரச்சினைகள் பட்டியலில் இருக்கும்போதே, லண்டன் முழுவதையும் ஒரே நாளில் மாற்றினார்கள். மூன்று பிரிவுகளாக இருந்த கட்டுப்பாட்டு அறையை ஒன்றாக்கி, உட்கார்ந்திருந்தவர்களை இடம் மாற்றி, காகிதத்தையும் எடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததை ஒரு சங்கிலி மாதிரி பார்க்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கணினிக்குக் கிட்டத்தட்டப் பிசகில்லாமல் தெரிந்தால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும். ஆனால் ரேடியோ எட்டாத இடங்கள் இருந்தன. அலைவரிசை நெரிசல் இருந்தது. அவசரத்தில் ஊழியர்கள் பட்டனை மாற்றி அழுத்தினார்கள், அல்லது அழுத்தவே இல்லை. தங்களுக்கு ஒதுக்கிய வண்டியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துப் போனார்கள். எனவே கணினியிடம் இருந்த தகவல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. தகவல் கெட்டதும் தவறான வண்டியை அனுப்பியது, சில இடத்துக்கு இரண்டு போயின, சில இடத்துக்கு ஒன்றும் போகவில்லை. விடை கிடைக்காதவற்றுக்கெல்லாம் திரையில் எச்சரிக்கைச் செய்திகள் குவிந்தன. புதியவை வரவர பழையவை திரைக்கு மேலே ஓடி மறைந்தன. கவனிக்கப்படாதவை இன்னும் எச்சரிக்கைகளை உண்டாக்கின. அமைப்பு மெதுவானது. காத்திருந்த மக்கள் மறுபடி போன் செய்தார்கள், அதுவும் புது அழைப்பாகக் கணக்கில் சேர்ந்தது. மறுநாள் மதியம் பாதி காகிதத்துக்குத் திரும்பினார்கள். 28-ஆம் தேதி தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

நவம்பர் 4 அதிகாலை அமைப்பு அடியோடு நின்றுபோனது. சில வாரங்களுக்கு முன் சேர்த்த ஒரு சிறு நிரல் துண்டு, ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் சர்வரில் கொஞ்சம் நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக ஒழுகி மொத்தமும் தீர்ந்துவிட்டது. பின்துணை சர்வரும் கைகொடுக்கவில்லை. பலர் இந்தக் கதையை "ஒரு புரோகிராமர் செய்த தப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். அது நவம்பர் கதை. அக்டோபர் 26, 27-இல் தொழில்நுட்ப அர்த்தத்தில் கணினி பழுதாகவே இல்லை என்றுதான் விசாரணை அறிக்கை சொன்னது. எழுதியபடிதான் ஓடியது. எழுதியதே ஆகாத காரியம்.

ஐந்து சாத்தியங்களும் ஒரு ஏமாற்றும்

சாத்தியக்கூறை வழக்கமாக ஐந்தாகப் பிரிப்பார்கள். தொழில்நுட்பம், பொருளாதாரம், சட்டம், நடைமுறை, கால அட்டவணை. லண்டன் விஷயத்தில் சட்டத்தைத் தவிர மற்ற நான்கிலும் பதில் "இல்லை" என்றோ "தெரியாது" என்றோதான் வந்திருக்க வேண்டும். இதில் நடைமுறைச் சாத்தியத்தைத்தான் எல்லோரும் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். பயனாளர்கள் ஏற்பார்களா, பயிற்சி கொடுக்கப்படும், முடிந்தது. ஆனால் லண்டனில் விழுந்த பெரிய அடி அங்கேதான். ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் உறவு சரியில்லை. பயிற்சி சீக்கிரமே கொடுத்துவிட்டதால், அமைப்பு தள்ளிப்போனபோது கற்றது மறந்துபோனது. எந்தச் சந்தில் எந்த நேரத்தில் போகக் கூடாது என்று பல வருடம் ஓட்டியவருக்குத் தெரிந்த விஷயத்துக்கு அந்தத் திட்டத்தில் இடமே வைக்கவில்லை.

பொருளாதாரச் சாத்தியம் இதற்கு நேர்மாறு. எண்கள் இருப்பதால் உறுதியாகத் தெரியும். அதுதான் ஆபத்து. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் செய்ய 8 லட்சம் ரூபாய். அதனால் வருடம் 4 லட்சம் மிச்சம். பராமரிப்பு வருடம் 1.5 லட்சம். அப்போ நிகரமாக வருடத்துக்கு 2.5 லட்சம். போட்ட பணம் மூன்று வருடத்துக்குச் சற்று மேலே திரும்பிவிடும். 10 சதவீத வட்டி வைத்து ஐந்து வருட வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 9.48 லட்சம். 8 போட்டு 9.48 எடுக்கிறோம், லாபம். கோப்பில் கையெழுத்து விழுந்துவிடும்.

இப்போது திருப்பிக் கேளுங்கள்: செலவு எவ்வளவு கூடினால் இந்த லாபம் மறையும்? 18.5 சதவீதம். அதாவது 8 லட்சம் என்று நினைத்தது 9.5 லட்சமானால் கதை முடிந்தது. பேரி போம் 1981-இல் எழுதிய மென்பொருள் பொருளாதார நூலில் ஒரு படம் உண்டு. சாத்தியக்கூறு கட்டத்தில் போடும் மதிப்பீடு, உண்மைச் செலவின் நாலில் ஒரு பங்கிலிருந்து நாலு மடங்கு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது அதன் சாரம். வேலை நகர நகர இந்த இடைவெளி குறுகும். ஆக 18 சதவீதம் கூட தாங்காத ஒரு முடிவை, 300 சதவீதம் பிசகக்கூடிய ஒரு எண்ணை வைத்து எடுக்கிறோம். கணக்கில் ஒரு தவறும் இல்லை. அந்த எட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய "தெரியாது" ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். சரி, ஆழம் எப்படித் தெரிந்துகொள்வது? கரையில் நின்று அறிக்கை எழுதி ஒரு அளவுக்குத்தான் தெரியும். மீதிக்கு ஒரு கழியை விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். இங்கேதான் மாடல் வருகிறது.

ராய்ஸுக்கு நேர்ந்த கதி

வாட்டர்ஃபாலைக் கண்டுபிடித்தவர் என்று வின்ஸ்டன் ராய்ஸ் பெயரைச் சொல்வார்கள். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் படிக்கட்டுப் படம் இருப்பது உண்மை. ஆனால் "வாட்டர்ஃபால்" என்ற சொல்லே அதில் கிடையாது. படத்தைப் போட்டுவிட்டு, இதை அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று அடுத்து எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: சோதனை கடைசியில் வருகிறது, வேகம், நினைவகம் போன்ற விஷயங்கள் அங்கேதான் முதல்முறையாக நிஜத்தைச் சந்திக்கின்றன. அவர் பரிந்துரைத்தவற்றில் ஒன்று, புது மாதிரி வேலை என்றால் இரண்டு முறை செய், முதலாவதைச் சின்ன முன்னோட்டமாக வைத்துக்கொள் என்பது. படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டார்கள். ஆண்டர்சன் அறிக்கைக்கு நேர்ந்த அதே கதி.

போம் 1986-இல் முன்வைத்து 1988-இல் பரவலாக அறியப்பட்ட ஸ்பைரல் மாடல், என் கணிப்பில், மற்ற மாடல்களோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடியதே அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் இப்போது பெரிய ஆபத்து எது என்று பார், அதைக் குறைக்கும் வேலையை முதலில் செய், பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய் என்கிறது. மீதியிருக்கும் ஆபத்தைப் பொறுத்து அது வாட்டர்ஃபால் மாதிரியும் நடக்கலாம், ப்ரோட்டோடைப் மாதிரியும் நடக்கலாம். மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கான மாடல் என்று சொல்லலாம். சாத்தியக்கூறு ஆய்வு ஒருமுறை செய்து கோப்பில் வைக்கும் காகிதமாக இல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வருகிறது.

எனவே தேர்வு செய்ய உட்காரும்போது நான் அட்டவணையைப் பார்ப்பதில்லை. முதலில் கேட்பது, தெரியாதது எந்த வகை என்று. என்ன வேண்டும் என்பதே தெரியாதா, அல்லது வேண்டியது தெரியும், செய்ய முடியுமா என்பது தெரியாதா? என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால் பயனாளர் கையில் சீக்கிரம் ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அஜைல் அதற்குத்தான். செய்ய முடியுமா என்று தெரியாவிட்டால் திரை வரைந்து காட்டிப் புண்ணியமில்லை, கஷ்டமான அந்த ஒரு துண்டை மட்டும் எழுதி நிஜச் சூழலில் ஓட்டிப் பார்க்கணும். லண்டனில் பத்து ஆம்புலன்ஸை வைத்து ஒரு மாதம் இருப்பிடத் தகவல் எவ்வளவு சரியாக வருகிறது என்று பார்த்திருந்தாலே போதும், "கிட்டத்தட்டப் பிசகில்லாமல்" என்ற அனுமானம் அங்கேயே உடைந்திருக்கும்.

அடுத்த கேள்வி, பிறகு மாற்ற எவ்வளவு செலவாகும். இணையதளம் என்றால் நாளைக்கே மாற்றலாம். இதயத்தில் வைக்கும் பேஸ்மேக்கர் என்றால் முடியாது. அங்கே முன்கூட்டியே எழுதி, ஒவ்வொரு தேவைக்கும் நேரே ஒரு சோதனை வைக்கும் வி-மாடல் போன்ற கட்டுப்பாடு நியாயம்தான். ஆனால் கட்டுப்பாடு என்றால் ஒரே மூச்சில் செய்வது என்று அர்த்தமில்லை. விண்வெளி ஓடத்தின் முதன்மை மென்பொருளை ஐ.பி.எம். 1977 முதல் 1980 வரை 17 சுற்றுகளாகச் செய்தது. உயிர் போகும் வேலை, ஆனாலும் சுற்றுச் சுற்றாகத்தான். விண்கலம் தயாராகத் தயாராகத் தேவைகள் மாறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம், பயனாளர் நிஜமாகவே நேரம் ஒதுக்குவாரா என்பது. அஜைல் என்று பெயர் வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டும்போது வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவர் வந்து தலையாட்டிவிட்டுப் போனால், அது சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய வாட்டர்ஃபால்தான். ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். விலையும் தேதியும் வேலைப் பட்டியலும் மூன்றும் பூட்டிய ஒப்பந்தத்தில் எந்த மாடலின் பெயரை எழுதினாலும் ஒன்றுதான்.

கடைசியாக, துண்டு துண்டாக நடைமுறைக்குக் கொண்டுவர முடியுமா? இதுதான் பலமுறை முடிவைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வழக்குக் கோப்புகளுக்காக விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்ற மென்பொருளைச் செய்யச் சொன்னது. தேவைகளின் ஆவணம் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். பழையதை ஒரே இரவில் நிறுத்தி மறுநாள் புதியதற்கு மாறுவது திட்டம். மொத்தம் 17 கோடி டாலர் போன பிறகு 2005-இல் அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2006-இல் தொடங்கிய சென்டினலும் பெரிய கட்டங்களாகப் போய்ச் சிக்கியது. 2010-இல் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கைக்கு எடுத்து, சின்னக் குழுவை வைத்து ஸ்க்ரம் முறையில் நடத்தி, 2012 ஜூலையில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இதை அஜைலின் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு சரி. ஆனால் அதற்குள் எது கஷ்டம் என்பதைப் பத்து வருடமும் பல கோடியும் செலவழித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"வேண்டாம்" என்ற பதில்

சாத்தியக்கூறு அறிக்கைகளில் "வேண்டாம்" என்று முடிபவை ஏன் அபூர்வம்? எழுதச் சொன்னவருக்கு ஏற்கெனவே ப்ராஜெக்ட் வேண்டும். எழுதுபவருக்கு அடுத்த வேலை வேண்டும். அதனால் ஆமாம், இல்லை என்று எழுதுவதைவிட, எது நடந்தால் நிறுத்துவோம் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. "முதல் இரண்டு மாதத்தில், பத்து வண்டிகளில் இருப்பிடத் தகவல் 95 சதவீதம் சரியாக வராவிட்டால் தானியங்கி அனுப்புதலைக் கைவிடுகிறோம்" என்ற மாதிரி. எண், தேதி, செய்யப்போகும் காரியம் மூன்றும் இருக்கணும். இதைப் பணம் செலவாவதற்கு முன்பே எழுத வேண்டும். செலவான பிறகு, இவ்வளவு தூரம் வந்துட்டோமே என்ற எண்ணம் யாரையும் நிறுத்த விடாது.

லண்டனுக்கு மூன்றாவது வாய்ப்பும் கிடைத்தது. 1992-க்குப் பிறகு வந்த நிர்வாகம் உடனே மென்பொருளில் கை வைக்கவில்லை. முதலில் வண்டிகள், ஆட்கள், கட்டுப்பாட்டு அறைக்குப் புது இடம் என்று போனார்கள். மென்பொருளைச் செய்யும்போது அதில் உட்காரப்போகும் ஊழியர்களிடம் மாதிரிகளைக் காட்டிக் கேட்டார்கள். 1996 ஜனவரியில் ஓடத் தொடங்கியபோது அது செய்தது மிகவும் எளிய வேலை: அழைப்பை எடுப்பது, முகவரியைக் கண்டுபிடிப்பது, விவரத்தை அடுத்த மேசைக்கு அனுப்புவது. எந்த வண்டி போக வேண்டும் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் முடிவு செய்தார்.